பிள்ளைகளுக்கு மோனே பாணி: படம் சேறாகிப்போவது ஏன்?

இம்ப்ரெஷனிசம் (கணநேர வெளிச்சத்தைப் பிடித்துத் தீட்டும் ஓவியப் பாணி) என்றதும் அதன் முன்னோடியான பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிக்குளத்தை அச்செடுத்து, பார்த்துத் தீட்டச் சொல்லிவிடுகிறோம். முதல் கோணலே அங்குதான். மோனே 1890-91இல் வைக்கோற்போர்களை ஏறத்தாழ 25 முறை தீட்டினார். ஒவ்வொரு முறையும் அவர் பிடிக்கப் பார்த்தது வெளிச்சத்தை. நம் பிள்ளைகளுக்குச் செம்பனை வரிசையோ பள்ளித் திடலோரத்துப் பால்மரமோ போதும். காலை எட்டரைக்கு ஒரு தாள், அதே இடத்தில் மாலை ஐந்துக்கு இன்னொன்று. உச்சிவெயில் வேண்டாம், நிழலெல்லாம் மரத்தடியில் சுருங்கிவிடும், தீட்ட ஒன்றும் மிஞ்சாது.

பென்சிலைக் கொடுத்தால் பிள்ளை கோடு போட்டு அதற்குள் வண்ணம் நிரப்பும். நீர்த்த நீலத்தைத் தூரிகையில் தொட்டு, வானம் முடியும் இடத்தையும் இரண்டு மூன்று பெரிய உருவங்களையும் மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். 12ஆம் எண் தட்டைத் தூரிகை போதும். மெல்லிய தூரிகை கையில் இருந்தால் இலை இலையாக எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

அதிகம் கெடுவது வண்ணம் சேறாவதில்தான். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஒரே இடத்தில் குழைந்தால் பழுப்புதான் வரும். பிள்ளைகளோ கஞ்சி கிண்டுவதுபோல் தூரிகையைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். தட்டில் ஒவ்வொரு வண்ணமும் ஐம்பது காசு அளவு, கெட்டித் தயிர் பதத்தில் இருக்கட்டும். மஞ்சளை ஒரு தீற்று, பக்கத்திலேயே நீலத்தை ஒரு தீற்று, தூரிகையை எடுத்துவிட வேண்டும். தேய்க்கக் கூடாது. சற்றுத் தள்ளி நின்றால் கண்ணே இரண்டையும் கலந்துகொள்ளும். கழுவ ஒரு டப்பா, அலச இன்னொரு டப்பா, ஒற்றி எடுக்கப் பழந்துணி. ஈரத்தூரிகையை அப்படியே வண்ணத்தில் விட்டால் அதுவும் நீர்த்துச் சேறுதான்.

கறுப்பு டியூபை அன்றைக்கு ஒளித்து வைத்துவிடுங்கள். நிழல் கறுப்பு என்று சொல்லிக்கொடுத்தது நாம்தான். வெள்ளைத் தாளைப் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் பிடித்துக் காட்டுங்கள்: நிழலில் உள்ள பாதி நீலம் பாய்ந்து தெரியும். வெயில் படாத இடத்துக்கு வானத்து வெளிச்சம் மட்டுமே வருகிறது, அதனால்தான். செம்மண் பாதையின் நிழலுக்கு நீலத்தோடு கொஞ்சம் சிவப்பு. மேகமூட்டமான நாளில் இந்தப் பாடம் எடுபடாது.

புள்ளி புள்ளியாக வைப்பது சேரா என்ற ஓவியரின் வழி, சுழல் சுழலாக இழுப்பது வான்கோவின் வழி. இருவரும் பிற்பாடு வந்தவர்கள். காதுகுச்சியால் புள்ளி வைத்துவிட்டு மோனே என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

தாளின் கனம் சதுர மீட்டருக்கு 200 கிராமுக்குக் குறைந்தால் ஈரத்தில் சுருளும். நான்கு ஓரமும் அட்டையில் டேப் ஒட்டுங்கள். 25 நிமிடத்தில் தாளை வாங்கிவிட வேண்டும். அதற்குமேல் விட்டால் அழகுபடுத்துகிறேன் என்று தேய்த்துவிடுவார்கள். வாங்கிய தாளைச் சுவரில் சாய்த்துவைத்து, பத்தடி தள்ளி நிற்கவைத்துக் காட்டுங்கள்.