பஜ்ஜி மடித்த ஆதார்: நகல் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

கடலூர் சில்வர் பீச்சில் மிளகாய் பஜ்ஜி வாங்கினோம். எண்ணெய் ஊறிய காகிதத்தைப் பிரித்தால், யாரோ ஒருவரின் ஆதார் ஜெராக்ஸ். முகம், பிறந்த தேதி, வீட்டு விலாசம், 12 இலக்க எண், எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. கீழே கையெழுத்து வேறு. பஜ்ஜிக்காரர் மேல் தப்பில்லை. எடைக்கு வாங்கிய பழைய பேப்பர் கட்டில் அது வந்திருக்கிறது.

"இதுக்கெல்லாம் சட்டம் கிடையாதாக்கா?" என்றாள் கூட வந்த தங்கை.

சட்டம் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். ஆறு வருடம் கழித்து, 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நம் தகவலைப் பத்திரமாக வைக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள், விதிகள் வந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதாவது 2027 மே.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. சட்டத்தின் பெயரிலேயே 'டிஜிட்டல்' என்று வருகிறது, கவனியுங்கள். கணினியில் ஏறிய தகவலுக்குத்தான் அது பொருந்தும். தாளில் வாங்கி, அப்புறம் ஸ்கேன் செய்து ஏற்றினாலும் பொருந்தும். ஏற்றாமலே ஃபைலில் கிடந்து எடைக்குப் போன ஜெராக்ஸுக்குப் பொருந்தாது. பஜ்ஜிக் காகிதத்தை அந்தச் சட்டம் தொடாது. ஆகவே நகல் நம் கையில் இருக்கும்போதே ஏதாவது செய்தால்தான் உண்டு.

முதல் வேலை: எண்ணை மறைத்த ஆதார்

இதற்கு 'மாஸ்க்டு ஆதார்' என்று பெயர். முதல் எட்டு இலக்கம் மறைந்து, கடைசி நான்கு மட்டும் தெரியும். இதுவும் செல்லுபடியாகும் ஆதார்தான். ஆதாரோடு இணைத்த செல்போன் கையில் இருக்க வேண்டும்.

ஆதார் ஆணையத்தின் 'மைஆதார்' தளத்துக்குப் போங்கள். ஆதார் எண், படத்தில் தெரியும் எழுத்துகள், போனுக்கு வரும் ஓடிபி ஆகியவற்றைக் கொடுத்து உள்ளே நுழையுங்கள். 'டவுன்லோட் ஆதார்' என்பதைத் தொட்டால், மாஸ்க்டு ஆதார் வேண்டுமா என்று ஒரு சின்னக் கட்டம் கேட்கும். அதில் டிக் போட்ட பிறகே இறக்குங்கள். பலரும் அவசரத்தில் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

கோப்பைத் திறக்க பாஸ்வேர்டு வேண்டும். ஆதாரில் ஆங்கிலத்தில் உள்ள பெயரின் முதல் நான்கு எழுத்து, பெரிய எழுத்தில். அதோடு பிறந்த வருடம். நம்மூரில் இனிஷியல் பெயருக்கு முன்னால் நிற்பதால் இங்கே குழப்பம் வரும். இனிஷியலும் அதன் புள்ளியும்கூட எழுத்துக் கணக்கில் சேரும். 'பி. குமார்' 1990-ல் பிறந்தவர் என்றால் பி, புள்ளி, கே, யு, அப்புறம் 1990. இடைவெளி விடக்கூடாது. என் அப்பாவுக்கு இது தெரியாமல் ஒரு மாலை முழுக்கப் போராடினோம்.

முகமும் விலாசமும் இதில் மறையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்காக, பிரிண்ட் எடுத்ததும் படத்தைத் தொடாமல் நகலின் குறுக்கே பேனாவால் எழுதுங்கள்: எந்த வேலைக்கு, யாரிடம், என்ன தேதி. எழுதியதன் மேலேயே கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாளை இன்னொரு வேலைக்கு நீட்டினால் பார்ப்பவருக்குச் சந்தேகமாவது வரும்.

இரண்டாவது: பிரிண்ட் எடுக்கும் இடம்

மஞ்சக்குப்பம் ஆகட்டும், புதுச்சேரி நேரு வீதி ஆகட்டும், எந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாலும் "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க" என்பார்கள். அந்தக் கடையின் கணினியில் நூறு பேரின் ஆதாரும் பான் கார்டும் வரிசையாகக் கிடக்கும். நீங்கள் அனுப்பியதை 'எல்லோருக்கும் அழி' என்று அழித்தாலும், அங்கே ஏற்கெனவே இறங்கிய கோப்பு அப்படியே இருக்கும். எனவே பிரிண்ட் வந்ததும், "தம்பி, டவுன்லோட்ஸ்ல இருக்கறதையும் ரீசைக்கிள் பின்ல இருக்கறதையும் அழிச்சிடுப்பா" என்று கேட்டு, அழிப்பதைப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள். எனக்கு இதுவரை யாரும் மறுத்ததில்லை. முகம் சுளித்தவர்கள் உண்டு.

கெட்டுப்போன பிரிண்டைக் கடைக் குப்பைத் தொட்டியில் போடாமல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

மூன்றாவது: கைரேகைக்குப் பூட்டு

எண் வெளியே போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் முறையில் ஆதார் எண்ணும் வங்கிப் பெயரும் கைரேகையும் இருந்தால் போதும். ஓடிபி வராது. பத்திரங்களில் பதிந்த கைரேகையைப் பிரதி எடுத்துப் பணம் திருடிய வழக்குகள் நாட்டில் பதிவாகியிருக்கின்றன.

அதே மைஆதார் தளத்தில் பயோமெட்ரிக்ஸைப் பூட்டும் வசதி இருக்கிறது. பூட்டிவிட்டால் உங்கள் கைரேகையும் கருவிழியும் எங்கும் வேலை செய்யாது. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் நாளில் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். வீட்டில் ரேஷனுக்குப் போகிறவர்களின் கைரேகையையும் பூட்டினால் அவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வரிசையில் நின்று உங்களுக்குத்தான் போன் போடுவார்கள்.

அங்கேயே 'ஆதென்டிகேஷன் ஹிஸ்டரி' என்றும் ஒன்று உண்டு. கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எப்போது எப்படிச் சரிபார்க்கப்பட்டது என்று அதில் பார்க்கலாம்.

நான்காவது: உங்கள் பெயரில் எத்தனை சிம்

'சஞ்சார் சாத்தி' என்ற மத்திய அரசுத் தளத்தில் உங்கள் செல் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்தால், உங்கள் பெயரில் உள்ள இணைப்புகள் வரிசையாக வரும். தெரியாத எண் இருந்தால், அது என்னுடையதல்ல என்று அங்கேயே புகார் செய்யலாம். இரண்டு நிமிட வேலைதான். பணமே போய்விட்டது என்றால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

மறைத்த ஆதாரைக் கொடுத்தால் வாங்குவார்களா?

எல்லோரும் வாங்குவதில்லை. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று ஓர் அறிவிப்பு விட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி, இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. அந்தக் குழப்பம் இன்னும் கவுன்டர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் புதுச்சேரியில் ஒரு லாட்ஜில் மறைத்த ஆதாரை நீட்டினேன். வரவேற்பில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்பர் முழுசா இல்லையேம்மா?"

"ஆதார் வெப்சைட்ல இருந்து இப்படித்தான் சார் வருது."

"முழு நம்பர் இல்லாம ரூம் தரமுடியாதும்மா."

சண்டை போடவில்லை. டிரைவிங் லைசன்ஸ் நகலை எடுத்துக் கொடுத்தேன். குறுக்கே லாட்ஜ் பெயரும் தேதியும் முந்தின இரவே எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்துவிட்டு அவர் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்து வைத்தார்.