எபாக்சி ஒட்டுக்கு அலுமினாப் பொடி: முதல்முறை செய்பவர்களுக்கு

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைப் பட்டறைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களும், அங்குள்ள கல்லூரிகளில் ப்ராஜெக்டுக்காக எஃப்ஆர்பி (நார் வலுவூட்டிய பிளாஸ்டிக்) தகடு ஒட்டும் தம்பி தங்கைகளும் கேட்பது இது: எபாக்சி பசையில் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) போன்ற செராமிக் பொடி கலந்தால் ஒட்டு வலுவாகுமா? ஆகும். ஆனால் தகட்டின் மேற்பரப்பு சரியில்லை என்றால் எந்தப் பொடியும் கைகொடுக்காது.

அதனால் முதல் வேலை மேற்பரப்பு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகே 220 நம்பர் உப்புத்தாளை எடுங்கள். பளபளப்பு போனதும் நிறுத்திவிடுங்கள். நார் வெளியே தெரியும்வரை தேய்த்தால் தகடே பலவீனமாகிவிடும். மறுபடி துடைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாகத் திரண்டால் எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கிறது. படலமாகப் பரவினால் சரி, நன்றாக உலரவிடுங்கள்.

அடுத்து பொடி. 50 கிராம் எல்ஒய் 556 எபாக்சி பிசினுக்கு 0.5 கிராம் அலுமினா, அதாவது 1%. மாஸ்க், நைட்ரைல் கையுறை கட்டாயம். பொடியை 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, ஹார்டனர் (பிசினை இறுகவைக்கும் திரவம்) சேர்ப்பதற்கு முன்பே பிசினில் கலக்குங்கள். நானோ பொடி, அதாவது மைக்ரானைவிடச் சிறிய துகள் கொண்ட பொடி, கட்டிகட்டியாகச் சேர்ந்துகொள்ளும். அந்தக் கட்டியில்தான் விரிசல் பிறக்கும். கட்டியை ஒலி அதிர்வால் உடைக்கும் சோனிகேட்டர் கருவி இருந்தால், பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து, இடைவெளி விட்டு ஓட்டுங்கள். இல்லையென்றால் நானோவை விட்டுவிட்டு மைக்ரான் அளவுப் பொடியை எடுப்பதே நல்லது என்பேன். ஒரு துளியைக் கண்ணாடியில் இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால் கட்டி இருப்பது தெரிந்துவிடும்.

நன்றாகப் பரவிய துகள்கள் விரிசலை நேராக ஓடவிடாமல் வளைத்துவிடுகின்றன. பிளக்கக் கூடுதல் ஆற்றல் தேவைப்படுகிறது. அதற்காக 10% போட்டுவிடாதீர்கள். பிசின் கெட்டியாகி, காற்றுக் குமிழைப் பிடித்துக்கொண்டு, தகட்டை நனைக்காமல் நின்றுவிடும்.

இப்போது 5 கிராம் எச்ஒய் 951 ஹார்டனர். மெதுவாகக் கலக்கி, வேக்குவம் இருந்தால் குமிழை எடுத்துவிட்டு, உடனே பூசுங்கள். கலவை சீக்கிரம் இறுகத் தொடங்கிவிடும். மழைக்காலத்தில் ஹார்டனர் டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள், ஈரம் இழுத்துவிடும்.

ஒரு தகட்டின் முனை மற்றதன்மேல் 25 மில்லிமீட்டர் படியும்படி வைத்து, லேசாக மட்டும் கிளாம்ப் போடுங்கள். இறுக்கினால் பசை முழுதும் வெளியே வந்துவிடும். 0.2 மில்லிமீட்டர் கண்ணாடி மணிகளைக் கொஞ்சம் தூவினால் பசையின் தடிமன் சீராக நிற்கும். ஓரத்தில் வழிந்ததை முழுக்கச் சுரண்டிவிடாதீர்கள். இணைப்பின் முனைகளில்தான் தகைவு (ஸ்ட்ரெஸ்) அதிகம், அந்தச் சிறு சரிவு அதைக் குறைக்கும். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

பொடி கலக்காத ஒரு செட்டையும் கூடவே செய்து, இரண்டையும் இழுத்து உடையுங்கள். உடைந்த முகத்தைப் பாருங்கள். பசை ஒரு பக்கத்திலிருந்து வழவழப்பாகப் பிரிந்திருந்தால் மேற்பரப்பு வேலை போதவில்லை. பசை நடுவில் பிளந்து இரு பக்கமும் நின்றிருந்தால், பொடி அளவை மாற்றிப் பார்க்கலாம். தகட்டின் நாரே கிழிந்து வந்திருந்தால் ஒட்டு தகட்டை மிஞ்சிவிட்டது. அதற்கு மேல் பொடி சேர்த்துப் பயனில்லை.