தாலி கட்டும் பத்து நொடியைத் தவறவிடாமல் படம்பிடிப்பது எப்படி?

கல்யாண வீடியோவில் பெரும்பாலானவற்றை இன்னொரு முறை செய்யச் சொல்லி எடுத்துவிடலாம். மாலை மாற்றுவதையோ மெட்டி அணிவிப்பதையோ மறுபடி கேட்டால் வீட்டார் சிரித்துக்கொண்டே செய்து காட்டுவார்கள். மூன்று முடிச்சை மட்டும் யாரிடமும் திரும்பக் கேட்க முடியாது. தமிழ்நாட்டு இந்துத் திருமணம் ஒன்றின் முகூர்த்தத்தை முதன்முறையாகத் தனியாக எடுக்கப்போகும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன். கேமராவை இயக்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பத்து நொடிக்கு எப்படித் தயாராவது என்பதை மட்டும் சொல்கிறேன்.

படி 1: முந்தைய இரவில் கேமரா அமைப்பு

வெளிநாட்டுப் பயிற்சி வீடியோக்களைப் பார்த்து, நொடிக்கு 24 ஃபிரேம் என்று வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போகாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மண்டபத்து விளக்குகள் பலவும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. ஷட்டர் 1/50 அல்லது 1/100 ஆக இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி ஒரே அளவில் விழும். வேறு எண்ணானால் படம் துடிக்கும், அல்லது குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடும். ஆகவே 25 ஃபிரேமுக்கு 1/50, ஸ்லோ மோஷன் வேண்டுமென்றால் 50 ஃபிரேமுக்கு 1/100 என்பதே என் வழக்கம். இதற்கு கேமராவை PAL எனப்படும், 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான வீடியோ முறைக்கு மாற்ற வேண்டும். சில கேமராக்கள் அந்த மாற்றத்துக்குப் பின் கார்டை மறுபடி ஃபார்மட் செய்யச் சொல்லும் என்பதால்தான் முந்தைய இரவிலேயே செய்துவிடச் சொல்கிறேன். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஓர் எண்ணில் நிறுத்துங்கள், இல்லையென்றால் ஹோமத் தீ எழும்போதெல்லாம் கூறைப்புடவையின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும்.

நொடிக்கு 100 மெகாபிட் தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். 128 ஜிபி கார்டு முகூர்த்தத்துக்குப் போதும்.

படி 2: வாத்தியாரிடம் இரண்டு நிமிடம்

மண்டபத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பேசுவது வாத்தியாரிடம்தான். தாலி கட்டும்போது மணமகன் உட்கார்ந்திருப்பாரா நிற்பாரா, பெண் தந்தையின் மடியில் அமரும் வழக்கம் உண்டா, மீதி இரண்டு முடிச்சையும் நாத்தனார் போடுவாரா என்று கேளுங்கள். வீட்டுக்கு வீடு இது மாறும். ஏற்கெனவே தெரியும் என்று நினைத்து நிற்கிறவர்தான் தவறான பக்கத்தில் மாட்டிக்கொள்கிறார்.

படி 3: எங்கே நிற்பது

நான் தோற்ற இடம் இது. என் முதல் முகூர்த்தத்தில் மேடைக்கு நேர் எதிரே, ஆள் உயரத்தில், நடக்கும்போது கேமராவை ஆடாமல் பிடிக்கும் ஜிம்பலோடு நின்றேன். கெட்டிமேளம் தொடங்கியதும் முன்வரிசை முழுக்க எழுந்தது, மேடையில் இருந்த பெரியவர் ஒருவர் அட்சதை போட ஓரடி முன்னால் வந்தார், போட்டோகிராபர் என் இடப்புறத்திலிருந்து குறுக்கே சாய்ந்தார். எனக்குக் கிடைத்தது ஒரு பட்டுச் சட்டையின் முதுகு. பெண்ணின் தாயார் பின்னாளில் அந்தக் காட்சியைக் கேட்டபோது அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல என்னால் இயலவில்லை.

அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது. முதல் கேமராவை மணமக்களுக்கு முன்னால், பெண் அமர்ந்திருக்கும் பக்கமாகச் சற்றே ஒதுக்கி, அவர்கள் உட்கார்ந்திருக்கும் கண் உயரத்தில் ஒற்றைக்கால் ஸ்டாண்டான மோனோபாடில் வைக்கிறேன். மணமகன் பெண்ணை நோக்கித் திரும்பிக் குனியும்போது, அவருடைய பக்கத்திலிருந்து பார்த்தால் பின்தலையும் முழங்கையும் மாலையும்தான் தெரியும். பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் அவருடைய முகமும் குனிந்த மணமகளின் முகமும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடும். மாலை தடிமனாக இருந்தால் தாலியே தெரியாது என்பதால், பெண்ணின் பின்னால் நிற்கும் உறவினரிடம் மாலையைச் சற்று விலக்கிப் பிடிக்கும்படி முன்கூட்டியே பணிவாகச் சொல்லி வைக்கிறேன்.

இரண்டாவது கேமராவை மணவறைத் தூணையொட்டி, தலைகளுக்கு மேலே இருக்கும்படி உயரமான ஸ்டாண்டில் பொருத்தி, அடியில் மணல் மூட்டை போட்டு, அகலமான லென்ஸோடு ஆளில்லாமல் ஓடவிடுகிறேன். முன்னால் யார் எழுந்தாலும் அது பார்த்துக்கொண்டிருக்கும். ஒரே கேமராதான் இருக்கிறது என்பவர்கள் இதற்காக ஒன்றை வாடகைக்கு எடுங்கள்; ஜிம்பலுக்குச் செலவிடுவதைவிட இது பல மடங்கு மேல். ஜிம்பலை மாப்பிள்ளை அழைப்புக்கு வைத்துக்கொள்ளலாம், முடிச்சு விழும் நேரத்தில் கேமரா அசையக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

போட்டோகிராபரிடமும் முன்னரே ஓர் ஒப்பந்தம் வேண்டும்: அவர் மண்டியிடுவார், நான் அவர் தலைக்கு மேலாக எடுப்பேன். இதைக் காலையில் காப்பி குடிக்கும்போதே பேசிவிட வேண்டும்.

படி 4: ஒலி

மந்திரம் மெல்லிய குரலில் போய்க்கொண்டிருக்கும், அடுத்த நொடியே தவில் முழங்கும். ஒலி அளவை ஆட்டோவில் விட்டால், மந்திரத்துக்காக ஏறி நிற்கும் அளவு முதல் அடியிலேயே உடைந்துவிடும். அளவைக் கையால் அமையுங்கள். அதைச் சோதிப்பதற்கும் வாய்ப்பு உண்டு. தாலிக்கு முன்பும் சில சடங்குகளில் கெட்டிமேளம் கொட்டுவார்கள், அப்போது ஒலி அளவு காட்டும் முள் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வைத்துவிடுங்கள். மெல்லிய ஒலியையும் உரத்த ஒலியையும் உடையாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் கிடைத்தால் இந்தக் கவலையே பெரும்பாலும் இல்லை, நான் இப்போது அதைத்தான் நம்புகிறேன். ஆனாலும் தவிலுக்கு மிக அருகில் வைத்தால் மைக்கே திணறிவிடும். மணமகன் மேல்சட்டை அணியாத வீடுகளில் அங்கவஸ்திரத்தில் மாட்டிய காலர் மைக் உரசிக்கொண்டே இருக்கும் என்பதால், வாத்தியாரின் பலகைக்குப் பக்கத்தில், ஹோம குண்டத்தின் சூடு படாத இடத்தில், பூத்தட்டுக்குப் பின்னால் ரெக்கார்டரை வைக்கிறேன்.

படி 5: எப்போது பொத்தானை அழுத்துவது

முகூர்த்த நேரம் பத்திரிகையில் 6.00 முதல் 7.30 வரை என்று அச்சாகியிருக்கும், அதை வைத்துக்கொண்டு எதையும் கணிக்க முடியாது. தேங்காயோடு தாலி வைத்த தட்டு பெரியவர்களின் ஆசீர்வாதத்துக்காக வரிசை வரிசையாகப் போகத் தொடங்குவதும், அட்சதை கைகளுக்கு வருவதும்தான் அடையாளம். அப்போதே இரண்டு கேமராக்களையும் ஓடவிட்டு உங்கள் இடத்துக்குப் போய்விடுங்கள். ‘மாங்கல்யம் தந்துநானேன’ என்று வாத்தியார் தொடங்கிய பிறகு லென்ஸை மாற்றவோ இடம் பெயரவோ கூடாது. மூன்றாவது முடிச்சு விழுந்த பிறகும் அரை நிமிடம் நிறுத்தாதீர்கள், தாயார் கண்ணைத் துடைத்துக்கொள்வது அந்த அரை நிமிடத்தில்தான்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு முயன்ற ஒருவர், தூணருகே வைத்த கேமரா முடிச்சுக்கு முன்பே தானாக நின்றுபோனதாக எழுதியிருந்தார். பழைய கேமராக்கள் பலவும் 29 நிமிடம் 59 நொடியில் பதிவை நிறுத்திவிடும். அரை மணி நேரமும் அதற்கு மேலும் பதிவு செய்யும் கருவிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருந்த கூடுதல் சுங்க வரியைத் தவிர்ப்பதற்காகத் தயாரிப்பாளர்கள் வைத்த எல்லை அது. உங்கள் கேமராவில் அந்த எல்லை இருந்து, அது முன்பிருந்தே ஓடிக்கொண்டிருந்தால், தட்டு கிளம்பும்போது ஒருமுறை நிறுத்தி, உடனே மறுபடி தொடங்கிவிடுங்கள்.