ஆக்சிமீட்டர் ரீடிங் குதிச்சத நான் சரிபண்ண கதை

ஸ்கூல் கடைசி வருஷத்துல பாட்டிக்கு மூச்சுத்திணறல் வந்தப்போதான் ரத்தத்துல ஆக்சிஜன் அளவு பாக்குற ஆக்சிமீட்டர் கருவிய நானே செய்யணும்னு எறங்கினேன், 660 நானோமீட்டர் சிவப்பு எல்இடி, 940-ல இன்ஃப்ராரெட், எதிர்ப்பக்கம் விரல தாண்டி வர்ற வெளிச்சத்த அளக்குற ஒரு போட்டோடையோடு, அவ்ளோதானேன்னு நெனச்சேன். ஆனா என் விரல்லயே ஒரு நிமிஷம் 97 சதவீதம், அடுத்த நிமிஷம் 81. மூணு தடவ போர்டையே மாத்திட்டேன், ஒண்ணும் மாறல. நாலாவது மாசம் விட்ரலாம்னுகூட தோணி அழுதிருக்கேன்.

அப்போதான் ஜப்பான் இன்ஜினியர் டாக்குவோ அவோயாகி பத்தி படிச்சேன். இதயம் வெளியேத்துற ரத்த அளவ சாயம் வச்சு அளக்கப்போன மனுஷன், நாடித்துடிப்பு குறுக்க வந்து ரீடிங்க கெடுக்க, அந்த தொல்லையையே சிக்னலா எடுத்து 1974-ல பல்ஸ் ஆக்சிமீட்டர் முறைய வெளியிட்டார். சரி, என் தொல்லை என்னன்னு எல்இடி ரெண்டையும் அணைச்சுட்டு பாத்தேன். அப்பவும் சிக்னல் வருது! ரூம் லைட். நாடித்துடிப்பால வெளிச்சத்துல வர்ற மாற்றம் ரொம்ப ரொம்ப சின்னது, அதுல இது கலந்தா எல்லாம் போச்சு.

இப்போ ஒவ்வொரு சுத்துலயும் சிவப்பு, இன்ஃப்ராரெட், அப்புறம் ரெண்டும் ஆஃப், ஆஃப்ல வந்தத மத்த ரெண்டுலேந்தும் கழிச்சிடுறேன். மேல கறுப்பு உறை. கிளிப் ஸ்பிரிங்கையும் தளர்த்திட்டேன், இறுக்கினா விரல்ல ரத்த ஓட்டமே கொறஞ்சிடும். ரீடிங் நிலையா நிக்குது. கருமையான தோல்ல இந்த மாதிரி கருவிங்க சில சமயம் கூடுதலா காட்டும், அதான் இப்போ என் அடுத்த வேலை. பாட்டிக்கு டாக்டர் சொன்ன மீட்டர்தான் மாட்டுறோம், என்னுது இன்னும் சோதனையிலதான் இருக்கு.