நம்ம கிளினிக்லயே பியூப்ரினார்ஃபின் ஆரம்பிக்கிறது எப்படி

அமெரிக்கால ஃபேமிலி மெடிசின்ல இருக்குற நம்ம ஆளுங்க பல பேர், ஓபியாய்டுக்கு (ஹெராயின், ஃபெண்டனில் மாதிரி போதைப்பொருளுக்கு) அடிமையான பேஷண்ட் வந்தாலே ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்பிடுறாங்க, அந்த அப்பாயிண்ட்மெண்ட் வர்ற வரைக்கும் அவர் உயிரோட இருக்கணுமே. இதுக்கான மருந்து பியூப்ரினார்ஃபினை எழுத முன்னாடி தேவைப்பட்ட எக்ஸ் வேவர்ங்கற தனி அனுமதியை 2022 கடைசில எடுத்தாச்சு, ஷெட்யூல் 3 மருந்து (கட்டுப்பாட்டுல இருக்குற மருந்துகள்ல ஒரு வகை) எழுதுற டிஈஏ (போதைமருந்து கட்டுப்பாட்டு அமைப்பு) ரெஜிஸ்ட்ரேஷன் இருந்தா போதும், சுகர் பிரஷர் பாக்குற அதே ரூம்ல ஆரம்பிக்கலாம்.

முதல் டோஸை எப்ப குடுக்குறோம்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு. இந்த மருந்து மூளைல ஓபியாய்டு போய் ஒட்டுற இடத்துல (ரிசப்டர்ல) ரொம்ப இறுக்கமா ஒட்டிக்கும், ஆனா அரைகுறையாதான் வேலை செய்யும், அதனால உடம்புல ஹெராயின் இருக்கும்போதே குடுத்தா அதைத் தள்ளி விட்டுட்டு ஆளை ஒரேடியா வித்ட்ராயல்ல (போதை கிடைக்காம உடம்பு படுற அவஸ்தைல) இறக்கிடும், அப்படி வாந்தியும் பேதியுமா கிடந்தவங்க மறுபடி இந்த மருந்தைத் தொடவே பயப்படுவாங்க. ஹெராயின்னா கடைசியா எடுத்து 12 மணி நேரமாவது ஆகணும், ஃபெண்டனில் கொழுப்புல போய் தங்கிக்கிறதால இன்னும் கூட ஆகலாம். மெத்தடோன்ல (இதே சிகிச்சைக்கு குடுக்குற, ரொம்ப நேரம் வேலை செய்யற இன்னொரு ஓபியாய்டு) இருக்குறவங்கன்னா அனுபவம் உள்ளவங்களை கேட்டுட்டு செய்ங்க. கடிகாரத்தை மட்டும் நம்பாம ஆளைப் பாருங்க, கண்மணி விரிஞ்சிருக்கா, விடாம கொட்டாவி வருதா, மூக்கு ஒழுகுதா, கையைத் தடவினா முடி சிலிர்த்து நிக்குதா. இந்த மாதிரி அறிகுறிகளுக்கு மார்க் போட்டு கூட்டுற கௌஸ் (COWS) ஸ்கோர் 12ஐ தாண்டிட்டா தைரியமா குடுக்கலாம்.

2 இல்லன்னா 4 மில்லிகிராம், நாக்குக்கு அடியில. முழுங்கினா பிரயோஜனமே இல்ல, கரையற வரைக்கும் பேச்சு கூட வேணாம். எங்க கிளினிக்ல ஒருத்தர் ஸ்வெட்டரோட நடுங்கிட்டு உக்காந்திருந்தார், ஒரு மணி நேரத்துல அதைக் கழட்டி மடில வச்சுக்கிட்டு சாப்பிட ஏதாவது கிடைக்குமான்னு கேட்டார். அப்புறமும் நடுக்கம் இருந்தா இன்னொரு டோஸ், போகப் போக நிறைய பேருக்கு ஒரு நாளைக்கு 16 மில்லிகிராம்ல சரியா நிக்கும், சிலருக்கு 24 வேணும். கரைஞ்சதும் தண்ணி ஊத்தி கொப்பளிக்கணும், பல் தேய்க்க ஒரு மணி நேரம் பொறுக்கணும், இல்லன்னா பல்லு கெட்டுடும்.

ஓவர்டோஸை முறிக்கிற நலாக்ஸோன் மூக்கு ஸ்ப்ரேயை வீட்டாளுங்க கைல குடுத்து, எப்படி அடிக்கிறதுன்னு செஞ்சு காட்டி அனுப்புங்க.

யூரின் டெஸ்ட்ல வேற ஏதாவது வந்துச்சுன்னு மருந்தை நிறுத்திடாதீங்க ப்ளீஸ். எத்தனை மாசம்னு கெடுவும் வைக்காதீங்க, நிறுத்தின ஆளுக்கு டாலரன்ஸ் (போதையைத் தாங்குற சக்தி) இறங்கியிருக்கும், மறுபடி ஹெராயினை பழைய அளவுலயே போட்டா மூச்சு நின்னுடும். முதல் வாரத்துல ரெண்டு தடவையாவது போன் போட்டு, ராத்திரி தூங்கினாரான்னு கேளுங்க.