வாத்து முட்டை காயாமல் குஞ்சு பொரிக்க நான் செய்தது

முதல் முறை இன்குபேட்டரில் (குஞ்சு பொரிக்க முட்டையைச் சூட்டில் வைக்கும் பெட்டி) வாத்து முட்டை வைத்தபோது தலைவலி கொடுத்தது சூடு அல்ல, ஈரப்பதம். 37.5 டிகிரி அசையாமல் நின்றது. ஆனால் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், அகன்ற முனையிலுள்ள காற்றறை வேண்டியதைவிட வேகமாகப் பெரிதாகிக்கொண்டே போனது. முட்டை காய்கிறது என்று அர்த்தம்.

தண்ணீரை ஆழமாக ஊற்றிப் பயனில்லை, ஆவியாவது மேற்பரப்பிலிருந்துதான். அகலமான தட்டு வைத்து, நனைத்த ஸ்பாஞ்சையும் அதில் போட்டேன். ஈரப்பதம் 55 சதவீதத்துக்கு ஏறியது. 25ஆம் நாள் முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, 70க்கு மேல் கொண்டுபோனேன். அப்புறம் மூடியைத் திறக்கவே இல்லை. சவ்வு காய்ந்தால் குஞ்சு அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஓட்டில் முதல் விரிசல் விட்டபிறகு வெளியே வர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். கை துறுதுறுக்கும், தயவுசெய்து உரிக்காதீர்கள். சவ்விலுள்ள ரத்தம் வற்றவும், மிச்ச மஞ்சள் கருவைக் குஞ்சு உள்ளிழுத்துக்கொள்ளவும் அந்த நேரம் வேண்டும்.