தொங்கும் அடிவயிறு: கொழுப்பா, தோலா?

20, 30 கிலோ குறைத்த பிறகும் அடிவயிறு தொங்குகிறதே என்று சாப்பாட்டை இன்னும் குறைக்காதீர்கள், முதலில் அது கொழுப்பா தோலா என்று பாருங்கள். நின்றபடி தொப்புளுக்குக் கீழே இரண்டு விரலால் கிள்ளிப் பிடியுங்கள்; தடிமனாகக் கைக்கு வந்தால் இன்னும் கொழுப்பு இருக்கிறது, மெல்லிசாகத் துணி மாதிரி மடிந்தால் பெரும்பாலும் தோல்தான்.

கொழுப்பு என்றால் வயிற்றுப் பயிற்சி எத்தனை செய்தாலும் அந்த இடத்தில் மட்டும் கரையாது, உடல் முழுக்கக் குறையும்போதுதான் அதுவும் குறையும். தோலுக்குப் பட்டினி உதவவே உதவாது, தசையும் கரைந்து இன்னும் தொய்வாகத் தெரியும். வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ குறைந்தால் போதும். வேளைதோறும் முட்டை, மீன், சுண்டல் என்று ஏதாவது புரதம், வாரம் 2, 3 நாள் எடைப் பயிற்சி. தோல் இறுக ஒன்றிரண்டு வருடம்கூட ஆகலாம், சிலருக்கு முழுசாக இறுகாது. தயவுசெய்து விலை கூடிய க்ரீமில் காசைப் போடாதீர்கள்.

அப்புறம், மடிப்புக்குள் வியர்வை தங்கினால் படை வரும். குளித்ததும் பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள், சிவந்து எரிந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தொங்கும் தோலை எடுக்க அறுவை சிகிச்சை எண்ணம் இருந்தால், எடை 6 மாதமாவது ஏறாமல் இறங்காமல் நின்ற பிறகு பேசுங்கள்.